மாக்ரெட்டின் ஒறுத்தல்

சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
09.02.1997

என் அன்புத் தங்கச்சி யசிந்தாவுக்கு,

அக்கா மாக்ரெட் எழுதுவது. இங்கே நான் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதுவும் முழங்காலில் நின்று செபித்து வந்த வருத்தம் என்றபடியால் முறைப்பாடு சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முகாமில் நீயும் சூசைதாசனும் எப்படி இருக்கிறீர்கள்? அவருடைய காலில் ஆணி குத்தின இடம் ஆறிவிட்டதா? சலரோகம் உள்ள மனிதனுக்குக் காயம் லேசில் ஆறாது, செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று நானும் எழுதி எழுதிக் களைத்துவிட்டேன். தச்சுவேலைக்காரருக்கு ஆணி எங்கே கிடக்கும் என்று தெரியாதா?

உனக்கு ஒரு புதினம். என் வீட்டில் சாமான் போட்டு வைக்கும் சின்ன அறையைத் துப்புரவாக்கிவிட்டேன். பழைய சாக்கு, உடைந்த கதிரை எல்லாம் போய், இப்போது ஒரு பாய், அம்மாவின் மாதா சுரூபம், ஒரு மெழுகுதிரி, ஒரு மணிக்கூடு. வேறொன்றும் இல்லை. புதுக்கடைக் கோட்டில் வழக்குப் பேசும் நம்முடைய அப்புக்காத்தர் நமசிவாயத்திடமும் கதைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் அவருக்குத் தட்டச்சு செய்தது போதும், இனி மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகிறேன் என்று. பாவம், வெள்ளவத்தையிலிருந்து தினமும் தாமதமாக வருகிற மனிதர், நான் நேரத்தோடு போவதை எப்படித் தடுப்பார்? ஆக, பின்னேரம் மூன்று மணி தொடக்கம் ஐந்து மணி வரை நானும் ஆண்டவரும். துறைமுகத்துக்குப் போகிற லொறிகளும் கூடத்தான்.

கீழே கடை வைத்திருக்கும் பைறோஸா கேட்கிறாள், “மிஸ், அந்தச் சின்ன ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு என்ன செய்யிற?” என்று. கதைக்கிறேன் என்றேன். “யாரோட?” என்றாள். திருப்பிக் கதைக்காத ஒருவரோடு என்றேன். அதற்கு அவள், “அப்ப எங்கட வீட்டு மனிசனோட கதைக்கிற மாதிரித்தான்” என்று சிரித்தாள்.

வருகிற விபூதிப் புதனோடு தவக்காலம் தொடங்குகிறது. ஒறுத்தல் இல்லாத செபம் உப்பில்லாத கஞ்சி என்று சுவாமி பிரசங்கத்தில் சொன்னார். உங்களுக்கு மிகவும் பிரியமான ஒன்றை ஆண்டவருக்காக நாற்பது நாள் விடுங்கள் என்றார். நான் மீனையும் இறைச்சியையும் விட்டால் யாருக்கு என்ன நட்டம்? எனக்கு மிகவும் பிரியமானது எது என்று யோசித்தேன். கண்டுபிடித்தும் விட்டேன். என்னவென்று கேட்காதே. வெளியில் சொன்ன ஒறுத்தலுக்குப் பலனில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியக் கூடாது. நீ என் இடக்கை. எதற்காக என்பதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் அந்த முகாமை விட்டு என் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அதற்காகத்தான் ஒப்புக்கொடுக்கிறேன்.

முகாமை விட்டுக் கொழும்புக்கு வர அனுமதிக்கும் பாஸ் அலுவல் என்ன மாதிரி? இங்கே கந்தோரில் ஒவ்வொரு நாளும் ஆட்கள் வந்து வவுனியாவில் இருக்கும் தங்கள் சொந்தக்காரருக்காகப் பொறுப்புக் கடிதம் கேட்கிறார்கள். நான்தான் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். உங்களுக்கும் வேண்டுமென்றால் ஒரு வரி எழுது. அடுத்த தபாலில் வந்துவிடும்.

தவக்காலத்தில் என்னிடமிருந்து கடிதம் வராவிட்டால் மனம் குழம்பாதே. உன் கடிதத்தை நான் எப்படி வாசிப்பேன் என்று உனக்குத் தெரியும்தானே. படியில் நின்று ஒருதரம், தேத்தண்ணீரோடு ஒருதரம், படுக்க முதல் ஒருதரம். உன்னைவிட எனக்கு யார் இருக்கிறார்கள்?

என்றும் அன்புள்ள அக்கா,
மாக்ரெட்


வவுனியா, பள்ளிக்கூட முகாம்,
16.02.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் செப அறைக்கு என் வாழ்த்துகள். கொஞ்சம் பொறாமையும். நாங்கள் ஆறாம் வகுப்பு அறையில் பதினொரு குடும்பம். கரும்பலகைக்குக் கீழே எங்கள் பாய். பெருக்கல் வாய்பாட்டைப் பார்த்துக்கொண்டு படுக்கிறோம். இங்கே தனிமை என்றால் கக்கூசுக்குள் மட்டும்தான், அங்கேயும் வெளியே நிற்கிறவர்கள் கதவை இடித்துக்கொண்டிருப்பார்கள். நேற்று ஒரு செபமாலை சொல்லி முடிக்க மூன்று தரம் திரும்பத் தொடங்க வேண்டி வந்தது. ஒருதரம் பக்கத்துப் பாய்க் குழந்தை என் மடியில் சலம் விட்டது, ஒருதரம் தண்ணீர் வண்டி வந்தது, ஒருதரம் நானே நித்திரையாகிவிட்டேன். சேசுவுக்காவது நாற்பது நாள் வனாந்தரம் கிடைத்தது, அக்கா. பக்கத்துப் பாயில் ஆள் இருமிக்கொண்டா இருந்தது?

இவருக்குக் காயம் இன்னும் ஆறவில்லை. சின்ன விரல் நிறம் மாறினது போல எனக்குத் தெரிகிறது. வெளிச்சம் காணாது, அதுதான் அப்படித் தெரிகிறது என்கிறார். சும்மா இருக்க மாட்டாமல் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்து படிக்கிற உடைந்த வாங்குகளை எல்லாம் திருத்திக்கொண்டிருக்கிறார். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “அக்கா எங்கட பங்கையும் சேர்த்துச் செபிக்கிறா, அப்ப நான் ஏன் கஷ்டப்படுவான்?” என்றார்.

பாஸ் கந்தோரில் இன்னும் ஒரு முடிவும் இல்லை. அங்கே அலுவல் பார்ப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. திட்டமாகத் தெரிந்ததும் எழுதுகிறேன்.

உங்கள் ஒறுத்தலை நான் கண்டுபிடித்துவிட்டேன். பால் தேத்தண்ணீர்தானே? பாவம் அக்கா, நாற்பது நாளும் வெறுந்தேத்தண்ணீர். உயிர்த்த ஞாயிறன்று ஒரு குடம் குடிப்பீர்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
யசிந்தா


வவுனியா,
25.02.1997

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இன்று இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வெளிச்சம் காணாததால் இல்லை, விரல் கறுத்துத்தான் போயிருக்கிறது. கிருமி மேலே ஏறுகிறதாம். கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பாதத்தோடு தப்பலாம், சுணங்கினால் பிறகு சொல்ல முடியாது என்று டொக்டர் ஒரு துண்டு எழுதித் தந்தார்.

அந்தத் துண்டோடு நேரே பாஸ் கந்தோருக்குப் போனேன். அங்கே பெரியவர் நல்ல மாதிரித்தான் கதைத்தார். கொழும்பில் நாங்கள் தங்கப்போகிற வீட்டுக்காரரின் பொறுப்புக் கடிதம் வேண்டும். கிராம சேவகரின் கையொப்பமும் பொலிஸ் முத்திரையும் இருக்க வேண்டும். அது வருகிற அன்றைக்கே பாஸ் தருகிறேன் என்றார். பெயர்கள்: அந்தோனி சூசைதாசன், வயது 51. மனைவி யசிந்தா, வயது 46.

ஒரு வரி எழுது என்றீர்கள். எழுதிவிட்டேன், அக்கா. உங்களுக்குப் பாரமாகாமல் இவ்வளவு நாளும் அந்த வரியை எழுதாமல் இருந்ததில் சந்தோசப்பட்டேன். இன்றைக்கு அது முடியவில்லை.

உங்கள் தங்கச்சி,
யசிந்தா


வவுனியா,
05.03.1997

அன்புள்ள அக்காவுக்கு,

என் போன கடிதம் கிடைக்கவில்லையோ? அதில் எழுதியதை இதில் திரும்ப எழுதுகிறேன். பொறுப்புக் கடிதம் ஒன்று வேண்டும். அந்தோனி சூசைதாசன், 51. யசிந்தா, 46. கிராம சேவகர் கையொப்பம், பொலிஸ் முத்திரை.

இங்கே இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் விடவில்லை. பக்கத்துப் பாய் நாகமணிக்கு வெள்ளவத்தையில் இருக்கிற தம்பி ஆறு நாளில் கடிதம் அனுப்பிவிட்டார். முந்தாநாள் போய்விட்டாள். போகும்போது தன் வாளியை எனக்குத் தந்தாள். உங்களுக்கு அக்கா கொழும்பிலதானே இருக்கிறா, அடுத்தது நீங்கள்தான் என்றாள்.

உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ என்றும் பயமாக இருக்கிறது. யாரைக் கொண்டாவது ஒரு வரி எழுதுவியுங்கள்.

யசிந்தா


வவுனியா,
14.03.1997

அக்கா,

நீங்கள் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்க விட்ட நேரத்தில் ஒரு கடையிலிருந்து பைறோஸாவின் கடைக்குப் போன் எடுத்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் முப்பது பேர். அக்காவைக் கூப்பிடுங்கள், அவசரம், தங்கச்சி கதைக்கிறேன் என்றேன். அவள் நல்ல பெண், ஓடினாள். படியில் அவள் செருப்புச் சத்தம் போனில் எனக்குக் கேட்டது. திரும்பி வந்து சொன்னாள்:

“மிஸ் ஜெபத்துல ஈக்கிறாங்க. கதவத் தொறக்கல்ல. உள்ள இருந்தே சென்னாங்க, பெருநாளுக்குப் பொறகு பேசுறாங்களாம். ஒங்களுக்காகத்தான் துஆ கேக்குறாங்களாம். ஒண்டுக்கும் பயப்பட வேணாமாம்.”

நான் அவளிடமே விசயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுக்கப் பின்னால் நின்றவர்கள் விடவில்லை. அவர்களுக்கும் கொழும்பில் அக்காமார் இருப்பார்கள்தானே.

ஐந்து நிமிடம், அக்கா. கதவைத் திறந்து படியால் இறங்கி வர. உங்கள் அப்புக்காத்தருக்கு எழுதலாமென்றால் வெள்ளவத்தை, புதுக்கடை என்பதைத் தவிர அவருடைய விலாசம் எனக்குத் தெரியாது. கொழும்பில் எனக்குத் தெரிந்த ஒரே விலாசம் உங்களுடையது. இந்தக் கடிதத்தோடு டொக்டரின் துண்டையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணால் பார்த்தாலாவது நம்புவீர்களோ என்று.

யசிந்தா


வவுனியா,
22.03.1997

அக்கா,

முழங்கால் வரை கறுத்துவிட்டது. இப்போது தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும், ஆனால் இன்னும் வரலாம் என்கிறார் டொக்டர். இவர் கண்ணைத் திறக்கிற நேரமெல்லாம் “அக்காவின்ர கடிதம் வந்ததோ?” என்று கேட்கிறார். இன்றைக்கு, ஓம் வந்திட்டுது, திங்கட்கிழமை பாஸ் என்று பொய் சொல்லிவிட்டேன். சிரித்தார்.

அந்தப் பொய்யை உண்மையாக்குங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

யசிந்தா


சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
உயிர்த்த ஞாயிறு, 30.03.1997

என் ஆசைத் தங்கச்சிக்கு,

அல்லேலூயா! நாற்பது நாளும் முடிந்தது. நான் தோற்கவில்லை!

இப்போது சொல்லலாம். என் ஒறுத்தல் பால் தேத்தண்ணீர் இல்லையடி, விசரி. உன் கடிதங்கள்தான். இந்த உலகத்தில் எனக்கு அதைவிடப் பிரியமானது வேறென்ன இருக்கிறது? தவக்காலம் முடியும்வரை உன் கடிதம் ஒன்றையும் திறப்பதில்லை என்று மாதாவுக்கு முன்னால் வாக்குக் கொடுத்தேன். ஐந்தும் சுரூபத்தின் காலடியில் வரிசையாக இருக்கின்றன. தபாற்காரன் ஒவ்வொன்றாகக் கொண்டுவரும்போது நான் பட்ட பாட்டை ஆண்டவர் அறிவார். உறையை மணந்து மட்டும் பார்ப்பேன். அதுவும் பாவமோ தெரியாது. நாலாவது உறை நல்ல தடிப்பு. அப்படி என்னத்தை எழுதித் தள்ளியிருக்கிறாய்?

எல்லாவற்றிலும் பெரிய சோதனை அந்தப் போன்தான். பைறோஸா மேலே ஓடி வந்து கதவைத் தட்டி, தங்கச்சி, அவசரமாம் என்றபோது பாயைவிட்டு எழும்பிவிட்டேன். கதவின் கொண்டியில் கையும் வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். உனக்கு எப்போதுதான் அவசரம் இல்லை? சின்னதில் பென்சில் துலைந்தாலும் உனக்கு அவசரம், கனவு கண்டாலும் அவசரம். பசாசு நல்ல ஆளின் குரலில்தான் வரும் என்று சுவாமி சொன்னதும் ஞாபகம் வந்தது. திரும்பி முழங்காலில் நின்றேன். அன்று அழுத அழுகையையும் உங்களுக்காகவே ஒப்புக்கொடுத்தேன்.

அதற்குப் பலன் இல்லாமல் போகுமா? பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இந்த அறையில் இருந்தேன். லொறிச் சத்தம்கூட நின்றுவிட்டது. என் நெஞ்சுக்குள் ஒரு சமாதானம் இறங்கியது பார், வாழ்க்கையில் அப்படி உணர்ந்ததில்லை. சூசைதாசனின் கால் ஆறிவிட்டது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்றைக்குப் பூசையால் வந்து முதலாவது கடிதத்தை மட்டும் பிரித்தேன். நோன்பு இருந்தவன் ஒரேயடியாகச் சாப்பிட்டால் வயிறு கெட்டுவிடும். நாளுக்கு ஒன்றாக வியாழக்கிழமை வரை வைத்து வாசிக்கப் போகிறேன். படியில் ஒருதரம், தேத்தண்ணீரோடு ஒருதரம். குழந்தை மடியில் சலம் விட்டதை வாசித்துச் சிரித்த சிரிப்பில் பைறோஸா கீழே இருந்து என்ன மிஸ் என்று கேட்டாள்.

கந்தோரில் இந்தத் தவக்காலம் மட்டும் அறுபதுக்கு மேல் பொறுப்புக் கடிதம் தட்டியிருப்பேன். ஒரு மனிசி என் கையைப் பிடித்துக் கொஞ்சினாள். என்னால் ஒரு குடும்பமாவது வந்து சேர்ந்தால் அதுவும் செபம்தானே. உங்களுக்கு எப்போது தேவை என்று எழுதவே இல்லையே? அல்லது அடுத்த உறைக்குள் இருக்கிறதோ? நாளைக்குப் பார்க்கிறேன்.

முத்தங்களுடன்,
அக்கா மாக்ரெட்


கொட்டாஞ்சேனை,
31.03.1997

யசிந்தா, என் தங்கமே,

நேற்று உனக்கு எழுதியதைக் காலையில் தபாலில் போட்டுவிட்டு வந்து இரண்டாவதைத் திறந்தேன். பிறகு மற்ற மூன்றையும் படியிலேயே இருந்து திறந்தேன்.

நான் என்ன செய்தேன்? நான் என்ன செய்துவிட்டேன்?

உடனே புதுக்கடைக்கு ஓடினேன். உங்கள் பெயரை இரண்டு தரம் பிழையாக அடித்தேன், பிறகு நமசிவாயமே தட்டச்சு செய்தார். கிராம சேவகர் வீட்டில் இருந்தார். பொலிசிலும் என்னைத் தெரிந்த ஒருவர் இருந்தார். எல்லாம் முடிய ஒன்றரை மணித்தியாலம்தான் சென்றது. ஒன்றரை மணித்தியாலம், யசிந்தா. கடிதம் இத்துடன் இருக்கிறது. உடனே வாருங்கள். ஆஸ்பத்திரியிலும் ஆள் பிடித்து வைத்திருக்கிறேன்.

போகிற வழியில் கோயிலுக்குள் போய்ச் சுவாமியிடம் சொன்னேன். அவர், “நான் சீனியைத்தானே பிள்ளை சொன்னனான்” என்றார்.

காலைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஆளைக் கொண்டு வா. நான் சாகும்வரை அவரைப் பார்ப்பேன்.

அக்கா


வவுனியா,
09.04.1997

அக்காவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் இன்று ஒன்றாக வந்தன. நீங்கள் போட்ட திகதிப்படியே ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். முதலாவதில் நல்ல சந்தோசமாக இருக்கிறீர்கள்.

இவர் பெரிய வியாழன் விடியப் போய்விட்டார். பெரிய வெள்ளி மூன்று மணிக்கு அடக்கம் செய்தோம். அந்த நாட்களில் செத்தவருக்கும் பூசை வைக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். சுவாமி வந்து ஒரு செபம் சொல்லிவிட்டுச் சிலுவைப்பாதைக்குப் போய்விட்டார். பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை. வகுப்பறை வாங்குகளை உடைத்துத்தான் அடித்தார்கள். அவர் திருத்திய வாங்குகள். நல்ல இறுக்கமாக ஆணி அடித்திருந்தார், கழற்றப் பொடியன்களுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. மூன்று மணிக்கு உங்களுக்குச் சமாதானம் இறங்கியதாம். இங்கே இறங்கியது வேறு.

நான் சொன்ன பொய்யை அவர் நம்பியே போனார். கடைசியாகத் தெளிவாகக் கதைத்தது அதைப் பற்றித்தான். “அக்கா கெட்டிக்காரி, கேட்டவுடன அனுப்பிப்போட்டா. நன்றி எழுதிப்போடு” என்றார். அவர் சொன்னதை நான் தட்டினதில்லை. நன்றி.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் மன்னிக்கலாம், அதற்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது? எங்களுக்காக எங்களையே விட்டீர்கள். அவர் சாகக் கிடந்தபோது உங்களுக்கு இருந்த வேலை என் எழுத்தை மணந்து பார்ப்பது.

நான் பதினொரு குடும்பத்துக்கு நடுவில் இருந்து செபித்தேன். தட்டினாலும் திறக்காமல் இருக்க எனக்கு ஒரு கதவு இருக்கவில்லை.

பொறுப்புக் கடிதத்தை வைத்திருக்கிறேன். முத்திரை நல்ல தெளிவாக விழுந்திருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

யசிந்தா


கொட்டாஞ்சேனை,
17.08.1997

என் யசிந்தாவுக்கு,

இது நீ கொழும்புக்கு வந்தபிறகு நான் எழுதுகிற ஏழாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. நீ வந்ததையே நமசிவாயம் சொல்லித்தான் அறிந்தேன். வெள்ளவத்தையில் தன் ஒழுங்கையில் இருக்கிற இரத்தினம்மா வீட்டில் சமைக்கவும் அவவைப் பார்த்துக்கொள்ளவும் நிற்கிறாய் என்றார். என் பொறுப்புக் கடிதத்தைக் காட்டிப் பாஸ் எடுத்திருக்கிறாய். அதற்காகவாவது அது உதவியதே என்று அழுதேன்.

போன ஞாயிறு வந்தேன். நீ அறிவாய். இரத்தினம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “அவ செபத்தில இருக்கிறா. குழப்ப வேண்டாமெண்டு சொல்லச் சொன்னவ” என்றா. உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. நீதான் துருவுகிறாய் என்று எனக்குத் தெரியும். சின்னதிலிருந்தே நீ நடுவில் நிறுத்தி நிறுத்தித் துருவுவாய். அந்த ஒழுங்கையில் கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு ரயில் போகும்வரை நின்றுவிட்டு வந்தேன். எனக்கு அது வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். என்னால் செபிக்க முடியவில்லை. முழங்காலில் நின்றால் படியில் பைறோஸாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவள் கடையைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் கேட்கிறது. ஆகவே மாதாவை முன் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தச் சின்ன அறையில் ஒரு கட்டில் போட்டிருக்கிறேன், ஒரு மின்விசிறியும். கதவையும் கழற்றிவிட்டேன். அந்தக் கதவு எனக்கு வேண்டாம். அது உன் அறை.

மன்னிக்க வேண்டாம். வந்து திட்டு. திட்டி ஒரு வரி எழுது. அதையும் மூன்று தரம் வாசிப்பேன்.

அக்கா


வெள்ளவத்தை,
விபூதிப் புதன், 25.02.1998

செல்வி மாக்ரெட் அவர்களுக்கு,

நீங்கள் எனக்கு இந்த விலாசத்துக்கு எழுதிய பதினான்கு கடிதங்களையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒன்றும் திறக்கப்படவில்லை. உறைகளைப் பார்த்தாலே தெரியும்.

தை மாதம் ஆமியும் பொலிசும் இந்த ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். இரத்தினம்மா அன்று மகளைப் பார்க்கத் தெஹிவளைக்குப் போயிருந்தா. நான் இங்கே தங்குவதற்கு அவ எடுத்த பொலிஸ் பதிவுக் கடுதாசி எல்லாம் அலுமாரிக்குள் பூட்டியிருந்தது. என்னைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கொழும்பில் உனக்குப் பொறுப்பாக யார் இருக்கிறார்கள், பெயரைச் சொன்னால் இப்பவே ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறோம் என்று கேட்டார்கள். “கவுருத் நே மாத்தயா” என்றேன். ஒருவரும் இல்லை ஐயா என்று. மூன்று தரம் கேட்டார்கள், மூன்று தரமும் அப்படியே சொன்னேன். இரத்தினம்மா தேடிக் கண்டுபிடித்து வர ஐந்து நாள் சென்றது. பதினாறு பெண்கள் ஒரு அறைக்குள். அங்கே நன்றாகச் செபிக்க முடிந்தது.

கடிதங்களை எரித்திருக்கலாம். வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். தபாற்காரன் உங்கள் எழுத்தைக் கொண்டுவரும்போது என் நெஞ்சு இன்னும் துள்ளுகிறது. இவர் போன பிறகு எனக்குப் பிரியமானது என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஆகவே அதை விடுகிறேன். எதற்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று கேட்க வேண்டாம். வெளியில் சொன்னால் பலன் போய்விடும் என்று எழுதியவர் நீங்கள்.

உங்களுடைய தவக்காலம் நாற்பது நாளில் முடிந்தது. என்னுடையதற்கு நான் நாள் குறிக்கவில்லை.

கதவைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாகச் செபியுங்கள். இனி ஒருவரும் தட்ட மாட்டார்கள்.

யசிந்தா சூசைதாசன்